கல் இருக்கிறது, பாதை இல்லை

செஞ்சி வட்டம், கரட்டுமேட்டுக் காலனி, நடுத்தெரு, கதவு எண் 2/41-இல் குடியிருக்கும் காலஞ்சென்ற பச்சைமுத்து மகள் சுவாதி, வயது 31, ஆகிய நான், காவல் நிலையத்துக்கு நேரில் வந்து, யாரும் சொல்லிக்கொடுக்காமல் சொல்வது என்னவென்றால்:

நான் மேற்படி வீட்டில் அம்மா மகாலட்சுமி, தம்பி குரு ஆகியோருடன் இருக்கிறேன். செஞ்சி கடைத்தெருவில் கமலேஷ் என்பவர் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டரில் ஏழு வருடமாக மனு டைப் செய்கிறேன். தம்பி அதே தெருவில் அரங்கநாதன் என்பவரின் இரும்புக் கடையில் லோடு வண்டி ஓட்டுகிறான். எனக்குச் சந்தேகப் புத்தி என்று எல்லோரும் சொல்வார்கள். பூட்டிய பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். அதில் எனக்கு வெட்கம் இல்லை.

எங்கள் காலனியிலிருந்து சுடுகாட்டுக்குப் போக ஒரே ஒரு நடைபாதைதான் உண்டு. அது தனியார் நிலத்தின் நடுவே போகிறது. பாதி வழியில் அரிச்சந்திரன் கல் நிற்கிறது. அங்கேதான் பாடையை இறக்கி வைத்து, சடங்கு செய்து, தலைமாடு கால்மாடு மாற்றித் தூக்குவார்கள். 2022 ஜூன் மாதம் அந்த நிலத்தை மேற்படி அரங்கநாதன் வாங்கி, மனை போட வெள்ளையடித்த கற்களை நட்டார். கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டதற்கு, அளவைப் படத்தில் அப்படி ஒரு பாதையே இல்லை என்றார்.

அடுத்த மாதம் 14-ம் தேதி அப்பா இறந்துவிட்டார். எங்களில் பெண்கள் சுடுகாடு வரை போவதில்லை, தெருமுனையோடு நின்றுவிடுவோம். ஆகையால் நடக்கும் வழியைப் பதிவு செய்யும் செயலியை என் செல்போனில் ஓடவிட்டு, கொள்ளிச்சட்டி எடுத்த குருவின் இடுப்பு வேட்டியில் செருகினேன். அப்பாவைக் கிடத்தி வைத்திருக்கும்போது உனக்கு இது ஒரு கேடா என்று சித்தி திட்டினார். அவர் திட்டியது நியாயம்தான். போன் திரும்பி வந்தபோது பதிவில் கோடு முழுசாக இருந்தது. ஓரிடத்தில் ஒன்பது நிமிடம் நகராமல் நின்றிருந்தது. அது கல் இருக்கிற இடம்.

அதன் பிறகு காரியம் முடிந்ததும் அந்தக் கோட்டை இணையத்தில் உள்ள பொது வரைபடத்தில் பாதையாகச் சேர்த்தேன். அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், கணக்கு தொடங்கியவர்கள் சேர்க்கலாம், திருத்தலாம். யாருடைய கணக்கிலிருந்து எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு எது மாறியது என்பதும் அதிலேயே பதிவாகி நிற்கும். பாதையோரப் புளியமரம், கிணறு, சிறு பாலம் ஆகியவற்றையும் கல்லையும் தனித்தனிப் புள்ளியாக வைத்தேன்.

2025 பிப்ரவரியில் அரங்கநாதன் பாதையை மறித்து முள்கம்பி கட்டினார். வரைபடத்தின் நகலை வைத்துத் தாலுக்கா அலுவலகத்தில் மனு கொடுத்தேன். மார்ச் 11-ம் தேதி எங்கள் தெரு விருத்தாம்பாள் இறந்துபோனார். அன்று மாலை பாடை கம்பி வேலி முன்னால் நின்றது. நான் வழக்கத்தை மீறி வேலி வரை போய், நகலை அரங்கநாதனிடம் காட்டினேன். அவர் தன் போனை என் முகத்துக்கு நேராக நீட்டி, "இன்னாம்மா காட்ற? இப்போ பாரு, உன் படத்துலயே பாதை இல்லியே" என்றார். பார்த்தேன், இல்லை. அதன் பிறகு தூக்கி வந்தவர்கள் கம்பியை வெட்டினார்கள். நான் தடுக்கவில்லை.

அத்துமீறி நுழைந்ததாக ஒன்பது பேர் மீது அவர் கொடுத்த புகாரில் முதல் பெயர் என்னுடையது. 11-ம் தேதி காலை 10.52-க்கு என் கணக்கிலிருந்தே பாதை அழிக்கப்பட்டிருப்பதைக் காட்டி, பாதை இல்லை என்று நானே ஒப்புக்கொண்டதாகச் சொல்கிறார். அந்த நேரத்தில் நான் சென்டரில் வருமானச் சான்று மனு டைப் செய்துகொண்டிருந்தேன். சென்டர் கம்ப்யூட்டரில் என் பாஸ்வேர்டு கிடப்பதால் ஒரு நாள் முழுக்கக் கமலேஷ் அண்ணனைச் சந்தேகப்பட்டேன். அதற்காக அவரிடம் மன்னிப்பு கேட்டுவிட்டேன்.

மறுநாள் அழிந்தவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பாதை இல்லை, மரம் இல்லை, கிணறு இல்லை, பாலம் இல்லை. கல் மட்டும் அப்படியே இருந்தது. வெளியாள் அழித்திருந்தால் மற்றதோடு அதையும் அழித்திருப்பார். பாடை இறக்கும் கல்லைத் திரையில்கூடத் தொடப் பயப்படுகிற ஆள் எங்கள் தெரு ஆளாகத்தான் இருக்க முடியும். எங்கள் தெருவில் என் பாஸ்வேர்டு தெரிந்தவன் ஒருவன்தான்.

அன்று சாயங்காலம் குரு சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டேன். அவன் தட்டைத் தள்ளி வைத்தான். "மொதலாளி பக்கத்துலயே நின்னுக்கினு, அழிடா, இல்லன்னா வண்டி சாவிய குடுத்துட்டுப் போடான்னாருக்கா. எல்லாத்தையும் அழிச்சேன். கல்லுகிட்ட வந்ததும் கை வரல. நைனாவ எறக்கி வெச்ச எடம்" என்றான். கையிலிருந்த குழம்புக் கரண்டியால் அவனை அடித்தேன். அதையும் எழுதிக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பிறகு பழைய பதிவிலிருந்து பாதையைத் திரும்பச் சேர்த்துவிட்டேன். 2022-ஆம் வருடத் தேதியுள்ள மூலப் பதிவையும் இத்துடன் கொடுத்திருக்கிறேன். அந்தக் கோடு அப்பாவுக்கு முன்னால் என் தம்பி நடந்த நடை.

இதை எழுதிக்கொண்ட பெண் உதவி ஆய்வாளர், தம்பி பெயர் வேண்டாம், அடையாளம் தெரியாத நபர் என்று எழுதிவிடலாம், இல்லாவிட்டால் அவனுக்கு வேலையும் போய்க் கேஸும் வரும் என்று நல்ல மனசோடு சொன்னார். நான் வேண்டாம் என்றேன். யாரோ அழித்தார் என்றால் நான்தான் அழித்தேன் என்று ஆகிவிடும், பாதையும் போய்விடும். என் அம்மாவுக்கு வயது 63, சர்க்கரை இருக்கிறது. ஒருநாள் அவரைத் தூக்கிப் போகும்போது முன்னால் கொள்ளிச்சட்டி எடுத்து நடக்க வேண்டியவன் குருதான். அவன் நடக்க அந்த வழி இருக்க வேண்டும். ஆகையால் அவன் பெயரை நானே சொல்கிறேன்.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, ஒரு வார்த்தையும் எடுக்க வேண்டியதில்லை.

ஒப்பம்: ப. சுவாதி