காவா வேரும் காலிக் கூடையும்

வைசாகே: வேரை எடுடா இசிகேலி. எவ்வளவு நேரம் இதைக் கையில பிடிச்சுக்கிட்டே நிப்பேன்?

இசிகேலி: எதுக்குன்னு முதல்ல சொல்லுங்க தலைவரே.

வைசாகே: சொன்னாத்தான் எடுப்பியோ? ஊர்த் தலைவன் கொண்டாந்த காவா வேரு, நாம கரைச்சுக் குடிக்கறது. மறுப்பியா?

இசிகேலி: மறுக்கல. தொட்டுட்டா நீங்க கேக்கறதைச் செஞ்சாகணும். இந்த ஊருக்கு வந்து ஏழு வருஷம் ஆச்சு, அதைக் கூடவா கத்துக்கல? ...அந்தப் பலகை மேல வைங்க. ஐயோ, அங்க இல்ல, எண்ணெய். இந்தப் பக்கம்.

வைசாகே: விவரமான ஆளுடா நீ. சரி, வேலையப் பாரு. யாரோட இன்ஜின் இது?

இசிகேலி: உங்களுதுதான். காலையில நீங்கதானே தோள்ல தூக்கிட்டு வந்து போட்டீங்க, படகு திணறுதுன்னு.

வைசாகே: ஆமா... ஆமா. உன் பொண்டாட்டி லோசானா எங்க? வீட்டுல சத்தத்தையே காணோம்.

இசிகேலி: பவளப்பாறைக்குப் போயிருக்கா. தண்ணி வத்திருக்குல்ல, பொம்பளைங்க எல்லாம் கூடையோட போயிருக்காங்க. உங்க வீட்டு உனைசி அக்காவும்தான்.

வைசாகே: போயிருக்கா. சனிக்கிழமைன்னா தவறாம போயிடறா... ஒண்ணு சொல்லு. போன சனிக்கிழமை ராத்திரி உன் வீட்டுல என்ன சாப்பாடு?

இசிகேலி: டின் மீன்.

வைசாகே: அதாண்டா! என் வீட்டுலயும் டின் மீனு. ஊரே டின் மீனைத் தின்னுச்சு. அத்தனை பொம்பளைங்க அரை நாள் பாறையில நின்னா, நண்டும் சிப்பியும் வீட்டுக்கு வீடு கொதிக்கணும். கூடையில என்ன வருது? காத்து வருது.

இசிகேலி: கடல்ல மீன் குறைஞ்சிருக்கும்.

வைசாகே: ஆம்பளைங்க வலையில விழுந்து சந்தைக்குப் போகுதே! பொம்பளைங்க கையை மட்டும் மீனுக்குப் பிடிக்கலையா? ...ஸ்பானரை எதுக்குடா இப்படி அழுத்தற? முறிஞ்சிடப் போகுது.

இசிகேலி: துரு.

வைசாகே: துருவா... சரி, இன்னொண்ணு கேளு. கொஞ்ச நாளா உனைசி என்னைத் திட்டறதில்ல.

இசிகேலி: சந்தோஷப்படுங்க.

வைசாகே: கல்யாணம் ஆன நாள்லேர்ந்து திட்டு வாங்கினவனுக்கு அது சந்தோஷமா? போன வாரம் காவா குடிச்சிட்டு விடியக்காலையில போய்க் கதவைத் தட்டறேன். திறந்துட்டு, 'பசிக்குதா'ன்னு கேக்கறா. பசிக்குதாவாம்! உலகத்துல எந்தப் பொண்டாட்டி அப்படிக் கேப்பா?

இசிகேலி: நீங்க என்ன சொல்ல வர்றீங்க?

வைசாகே: ஊர்ல எவனோ நம்ம கோயிலுக்குப் போட்டியா புதுச் சபை நடறான்.

இசிகேலி: ...சபையா? இங்கயா?

வைசாகே: இங்கதான். மரவள்ளிக் குச்சி ஊணறதுன்னாலும் ஊரைக் கேட்டுத்தான் ஊணறோம். சபை நடறவன் கேக்க வேணாமா? ஒரு ஊரு, ஒரு கோயில். அந்தச் சட்டத்தைக் கூட்டத்துல எழுந்து படிச்சவன் நான்.

இசிகேலி: தெரியும். முதல்ல உங்க மகன் நெமானி மேலதான்...

வைசாகே: அவன் பேச்சு இங்க வேணாம்.

இசிகேலி: சரி, வேணாம்.

வைசாகே: லவுட்டோகா டவுனுக்கு லாரி ஓட்டப் போனவன், அங்க ஏதோ கூடார ஜெபக் கூட்டத்துல சேந்துட்டு வந்து நிக்கறான். காவா குடிக்கமாட்டானாம், பாவமாம். நான் நீட்டின சிரட்டையை, பெத்த அப்பன் நீட்டினதை, ஊரே பாக்க வேணாம்னு தள்ளினான். ஊரை விட்டே அனுப்பிட்டேன். அவன் பேரையே இனி வீட்டுல சொல்லக்கூடாதுன்னு உனைசிகிட்டயும் சொல்லிட்டேன். முடிஞ்சுது. ...பேச்சு வேணாம்னு சொன்னேன்ல?

இசிகேலி: நான் எங்க பேசினேன்?

வைசாகே: ம்... இப்ப சபை நடறவன் யாருன்னு கண்டுபிடிச்சாச்சு. பள்ளிக்கூடத்து வாத்தியார், கெலேபி.

இசிகேலி: கெலேபியா!

வைசாகே: ஏன் அலறற? வந்த நாள்லேர்ந்து ஒரு சிரட்டை காவா குடிச்சிருக்கானா? நாம வட்டமா உக்காந்தா அவன் நைசா எழுந்து போறான். காவாவை வேணாங்கறவன் எவனா இருப்பான்? என் வீட்டுலயே பாத்தவன்டா நான்.

இசிகேலி: அவருக்கு வயித்துப் புண்ணு தலைவரே. டாக்டர் வேணாம்னு சொல்லியிருக்கார்.

வைசாகே: காவாவால செத்தவன் உண்டா?

இசிகேலி: மாத்திரை டப்பாவை நானே பாத்தேன்.

வைசாகே: நீ ஏன் அவன் டப்பாவைப் பாத்த?

இசிகேலி: ...அவர் வீட்டு ஜெனரேட்டர் ரிப்பேருக்குப் போனேன்.

வைசாகே: ரொம்பத்தான் பரிஞ்சு பேசற. கேளு. சாயங்காலம் முரசு அடிச்சதும் கூட்டம். திங்கக்கிழமைப் படகுல வாத்தியார் குடும்பத்தோட கிளம்பணும். கூட்டத்துல நீ எழுந்து ஒரு வார்த்தை சொல்லணும். அதுக்குத்தான் இந்த வேர்.

இசிகேலி: நான் என்னத்தைச் சொல்ல?

வைசாகே: கெலேபி உன் பட்டறைக்கு வந்து புதுச் சபைக்குக் கூப்பிட்டான்னு.

இசிகேலி: கூப்பிடலையே.

வைசாகே: கூப்பிட்டிருப்பான்.

இசிகேலி: இல்லையே தலைவரே!

வைசாகே: நான் சொன்னா, மகன் விஷயத்துல சூடு பட்ட பூனைம்பாங்க. நீ வெளியூர்க்காரன், இங்க எவனுக்கும் மாமன் மச்சான் கிடையாது. தினமும் எங்களோட உக்காந்து குடிக்கறவன். உன்னை எவனும் சந்தேகப்படமாட்டான்.

இசிகேலி: அவர் சின்னப் பையனுக்கு இப்பத்தான் பல்லே முளைக்குது. அந்தக் குடும்பம் எங்க போகும்?

வைசாகே: வந்த ஊருக்குப் போகட்டும்.

இசிகேலி: ...எனக்கு ஒண்ணு புரியல. கூடையில ஆரம்பிச்சீங்க. கூடை தூக்கறது பொம்பளைங்க. வாத்தியாருக்கு நீந்தவே தெரியாது, பாறைப் பக்கம் தலை வெச்சுப் படுத்ததில்ல. எப்படி அவர்கிட்ட போய் நின்னீங்க?

வைசாகே: நீ ஏன் பொம்பளைங்க பக்கம் பேச்சைத் திருப்பற?

இசிகேலி: திருப்பினது நீங்க.

வைசாகே: உனக்கு ஏன் இப்படி வேர்க்குது?

இசிகேலி: தகரக் கொட்டகை. உங்களுக்கும்தான் கொட்டுது.

லோசானா: யாரு வந்திருக்கா? அட, தலைவர் அண்ணனா! வாங்க. கிழங்கு அவிச்சது இருக்கு, எடுத்துட்டு வரவா?

வைசாகே: கிழங்கு இருக்கட்டும். கூடையைக் காட்டும்மா.

லோசானா: கூடையையா? எதுக்கு அண்ணே?

வைசாகே: காட்டு, பாப்போம்... மூணு சிப்பி. அதுல ஒண்ணு செத்த சிப்பி. அரை நாள் தண்ணியில நின்னு, இதுவா?

லோசானா: இன்னிக்குத் தண்ணி சரியா வத்தல.

வைசாகே: உனைசி கூடையில?

லோசானா: என்னுதே தேவலை.

இசிகேலி: லோசானா, நீ உள்ள போ.

லோசானா: ஏன்? இது என்ன வேரு? உங்க மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?

இசிகேலி: புதுச் சபை நடறது கெலேபி வாத்தியாராம். சாயங்காலக் கூட்டத்துல நான் சாட்சி சொல்லணுமாம். திங்கக்கிழமை அனுப்பிடுவாங்களாம்.

லோசானா: ...நீங்க வேரைத் தொட்டீங்களா?

இசிகேலி: இன்னும் இல்ல.

லோசானா: இன்னும் இல்லையா? அப்படின்னா யோசிக்கறீங்களா?

இசிகேலி: இது நமக்கு மூணாவது ஊரு லோசானா. மகளுக்கு இப்பத்தான் தோழிங்க கிடைச்சிருக்காங்க. மறுபடி மூட்டை கட்டணுமா?

லோசானா: அதுக்காகக் கெலேபி பிள்ளைங்க மூட்டை கட்டணுமா?

வைசாகே: என்ன பேசிக்கறீங்க ரெண்டு பேரும்? யாரு மூட்டை கட்டறது?

லோசானா: சொல்லுங்க. இல்லன்னா நான் சொல்றேன்.

இசிகேலி: தலைவரே... வாத்தியார் இல்ல.

லோசானா: நாங்கதான் அண்ணே. பாறையில வேதம் வாசிக்கறது நான். இந்த ஊருக்கு நாங்க வந்ததே அதுக்காகத்தான்.

வைசாகே: நீயா? அப்போ... உனைசி இல்லையா?

இசிகேலி: என்ன சொன்னீங்க?

வைசாகே: ஒண்ணும் சொல்லல.

இசிகேலி: உனைசி இல்லையான்னு கேட்டீங்க. அக்காதான் இதை நடத்தறாங்கன்னு நினைச்சுட்டீங்க! அவங்களைக் காப்பாத்தணும்னு வாத்தியாரைப் பலி கொடுக்கப் பாத்தீங்களா?

வைசாகே: நீ மட்டும் ரொம்ப ஒழுங்கோ? பொண்டாட்டியை ஒளிச்சு வெச்சுக்கிட்டு, இவ்வளவு நேரமா துருங்கற, தகரங்கற!

இசிகேலி: ஒளிச்சேன். லோசானா வரலைன்னா அந்த வேரைத் தொட்டிருப்பேனோன்னு இப்பவும் பயமா இருக்கு. ரொம்ப வெக்கமா இருக்கு தலைவரே.

வைசாகே: ஏழு வருஷம்டா! என்னோட குடிச்ச. என் வலைப் படகை இழுத்த. எங்க அம்மா சாவுக்குக் குழி தோண்டின. எல்லாம் தூண்டில் முள்ளுல குத்தின புழுவா?

இசிகேலி: உங்க அம்மாவுக்கு அழுதேனே, அது புழுவா?

லோசானா: முதல் ஊர்ல இறங்கின அன்னிக்கே மைக்கைப் பிடிச்சுப் பிரசங்கம் பண்ணினோம் அண்ணே, மறுநாளே விரட்டிட்டாங்க. ரெண்டாவது ஊர்லயும் அதே கதை. அதான் இங்க வாயைத் திறக்க வேணாம், முதல்ல மனுஷங்களோட மனுஷங்களா இருப்போம்னு வந்தோம். அப்படி இருந்ததுல பொய் இல்ல. உங்ககிட்டச் சொல்லாததுதான் தப்பு.

வைசாகே: அப்போ காவா? உங்க ஆளுங்க குடிக்கக் கூடாதே?

இசிகேலி: நீங்க எல்லாரும் வட்டமா உக்காந்திருந்தீங்க. நான் தள்ளி உக்காந்தா யாரோட வாழறது?

வைசாகே: குடிக்காதவனை மோப்பம் பிடிச்சுக்கிட்டே இருந்தேன். குடிக்கறவன் என் மடியிலயே இருந்திருக்கான்.

லோசானா: உனைசி அக்கா உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா அண்ணே?

வைசாகே: அவ எங்க சொன்னா? ...என் காதாலயே கேட்டேன்.

லோசானா: எங்க?

வைசாகே: ரெண்டு சனிக்கிழமையா அலையாத்தி மரத்துக்குள்ள படகைச் செருகிட்டுப் படுத்திருந்தேன்.

லோசானா: அது நீங்களா! யாரோ குடிச்சிட்டுத் தூங்கறாங்கன்னு நினைச்சோம்.

வைசாகே: தூக்கமா வரும்? பாட்டுச் சத்தம் வந்துச்சு. அப்புறம் ஒரே ஒரு குரல், அது உனைசியோடது. எடுத்துப் பாடறவ, முதல்ல ஜெபிக்கறவ அவதான்னு நினைச்சுட்டேன். நெமானி பேரைச் சொன்னா தெரியுமா? வீட்டுல அந்தப் பேரை நான் தடுத்த நாள்லேர்ந்து அவ வாயில அது வரல. அங்க, முழங்கால் தண்ணியில நின்னுக்கிட்டு, நெமானி, நெமானின்னு... கடலுக்கே கேக்கற மாதிரி. படகுல படுத்துக்கிட்டே வாயைப் பொத்திக்கிட்டு அழுதேன்டா.

இசிகேலி: தலைவரே...

வைசாகே: அந்தச் சட்டத்துக்கு ஒரு தடவை மகனைக் கொடுத்துட்டேன். உனைசியையும் கொடுக்க என்னால ஆகாது. அதான் புத்தி கெட்டுப்போய் வாத்தியார் கழுத்துல கயிறு போட வந்தேன்.

லோசானா: சாயங்காலம் கூட்டத்துல என்ன சொல்லப் போறீங்க?

வைசாகே: வாத்தியாருக்கு வயித்துப் புண்ணுன்னு சொல்வேன்.

இசிகேலி: எங்களைப் பத்தி?

வைசாகே: கேட்டா உள்ளதைச் சொல்வேன். ஊர் மண்ணுல வேற கோயில் கூடாதுன்னுதான் சட்டத்துல இருக்கு, படிச்சவன் நான். தண்ணி ஏறினா அந்தப் பாறையில மண்ணு எங்க இருக்கு? சண்டை போடறவன் என்னோட போடட்டும். ...லோசானா, அடுத்த வாரம் நாலு நண்டாவது பிடிச்சுட்டு வாங்கம்மா. டின் மீன் தொண்டையில இறங்கல.

லோசானா: சரி அண்ணே.

வைசாகே: இசிகேலி, இப்ப வேரை எடு.

இசிகேலி: மறுபடியுமா? எதுக்குன்னு சொல்லுங்க.

வைசாகே: உனக்கில்லடா. திங்கக்கிழமைப் படகுல நீ லவுட்டோகா போ. நெமானி முன்னாடி உக்காந்து, அப்பன் கொடுத்தனுப்பினான்னு நீட்டு. தப்பு செஞ்சவன் மன்னிப்பு கேட்டு வேரோட ஆள் அனுப்பறதுதானே நம்ம வழக்கம்?

இசிகேலி: எடுத்துட்டேன், பாருங்க. ஆனா தலைவரே... அவன்தான் காவாவைத் தொடமாட்டானே?

வைசாகே: குடிக்க வேணாம்னு சொல்லுடா... கையில வாங்கினாப் போதும்.