வியாழக்கிழமைக் கடிதங்கள்

தபால்காரனுக்கும் நாய்க்கும் ஆகாது என்று ஒரு பேச்சு இருக்கிறது. எனக்கு நாய் என்றால் பிடிக்கும். என் பீட்டில், அதாவது நான் தினமும் தபால் கொடுக்க நடக்கும் தெருக்களில், பதினோரு நாய்கள். இருபத்தாறு வருடத்தில் ஒன்றுகூட என் கால்சட்டையைக் கவ்வியதில்லை. மனிதர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது, அதைத்தான் எழுதப்போகிறேன். விசாரணைக்காக நடந்ததை நடந்தபடி எழுதித் தரச் சொன்னீர்கள். யாரும் என்னை மிரட்டவில்லை. டீ வாங்கிக் கொடுத்தீர்கள், இந்த அறையில் மின்விசிறி மட்டும் கொஞ்சம் சத்தம் போடுகிறது.

என் பீட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு கதவுகள். கடைசியில் ஒரு பழைய மூன்று மாடிக் கட்டடம், கீழே ஜெராக்ஸ் கடை, லிஃப்ட் கிடையாது. தபால் பெட்டிகள் எல்லாம் படிக்கட்டுக்கு அடியில் வரிசையாக இருக்கின்றன. விதிப்படி அங்கே போட்டுவிட்டு நான் போய்க்கொண்டே இருக்கலாம். ஆனால் மூன்றாவது மாடித் தையல்காரம்மாவுக்கு மட்டும் ஐம்பத்து நாலு படி ஏறிப் போய்க் கையில் கொடுப்பேன். துணி மாதிரிகள், நூல் கம்பெனி விலைப்பட்டியல், வெளியூரில் இருக்கும் அக்காவின் கடிதம் என்று அவருக்குத் தினமும் ஏதாவது வரும். வராத நாளில்கூட நான் மேலே போனதுண்டு. அவருக்குப் பெயர் உண்டு, உங்கள் கோப்பில் இருக்கும். எனக்கு அவர் தையல்காரம்மா. அவருக்கு நான் அண்ணன். கூடப்பிறந்த தங்கை மாதிரி என்றுதான் வைத்திருந்தேன், அதற்கு மேல் யாராவது ஏதாவது சொல்லியிருந்தால் அது அவர்கள் வாய்க்கொழுப்பு.

வாசலில் எனக்கென்று ஒரு ஸ்டூல் போட்டிருப்பார். நான் உட்கார்ந்து ஒரு தம்ளர் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் பையில் விட்டுப்போன தையலை மிஷினில் ஓட்டிக் கொடுத்துவிடுவார். எனக்கு இரண்டு வருடமாக வலது முழங்கால் சரியில்லை. ஆபீசில் சொன்னால் பீட்டிலிருந்து எடுத்துப் பின்கட்டில் உட்காரவைத்து விடுவார்கள் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை. அவரிடம் மட்டும் சொன்னேன். அவருக்கும் அப்போதே படியேறினால் இரைக்கும்.

"உங்களுக்கு முழங்காலு, எனக்கு மூச்சு. நம்ம ரெண்டு பேரையும் சேர்த்தாத்தான் அண்ணே ஒரு முழு ஆளு தேறும்" என்பார்.

இப்படி இருந்தபோதுதான் தபால் இலாகாவிலிருந்து அந்த அட்டை வந்தது. தபால் குறைந்துவிட்டது, வாரத்தில் ஆறு நாளும் கொடுக்க வேண்டுமா என்று ஜனங்களிடம் கேட்கிறார்கள். ஒரு பக்கத்தில் இலாகாவின் முகவரி, அதற்குக் கீழேயே மூன்று கட்டங்கள்: ஆறு நாள், மூன்று நாள், ஒரு நாள். ஏதாவது ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். காரணம் சொல்ல விரும்பினால் மறுபக்கத்தில் எழுதலாம். நாட்கள் குறைந்தால் பீட்டுகளைச் சேர்த்துவிடுவார்கள், ஐம்பது தாண்டியவர்களுக்குத் தெரு கிடையாது என்று போஸ்ட்மாஸ்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். எனக்கு ஐம்பத்து மூன்று. என் தலையில் போடப்போகும் கல்லை நானே வீடு வீடாகச் சுமந்துபோய்க் கொடுத்து, நானே திரும்ப வாங்கியும் வர வேண்டும் என்று வைத்தார்கள். வாங்கி வந்தேன்.

அட்டைகளைப் படித்தேனா என்று காலையில் கேட்டீர்கள். இதைக் கவனமாக எழுதுகிறேன். அடுத்தவர் எழுதியதைத் தபால்காரன் படிக்கக் கூடாது என்று வேலையில் சேர்ந்த அன்றைக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். முகவரிப் பக்கம் என்னுடையது, மறுபக்கம் என்னுடையதல்ல. இத்தனை வருடத்தில் ஒரு போஸ்ட் கார்டைக்கூட நான் திருப்பியதில்லை. டிக் அடித்த கட்டங்கள் முகவரிப் பக்கத்தில் இருந்தன, அதனால் கண்ணில் பட்டன. மூன்று நாள் போதும் என்று நிறையப் பேர் போட்டிருந்தார்கள். எனக்கு வருத்தமில்லை. ஜெராக்ஸ் கடைக்காரரிடமோ, கதவைத் திறக்காமலேயே கையை நீட்டும் வாத்தியாரிடமோ நான் எதையும் எதிர்பார்த்ததில்லை.

தையல்காரம்மா தன் அட்டையைச் சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

"இந்தாங்க அண்ணே. ஆனா நீங்க படிக்கக் கூடாது, சரியா?"

"நான் என்னைக்கும்மா படிச்சிருக்கேன்?"

இரண்டாவது மாடித் திருப்பத்தில் அட்டையைக் கட்டோடு சேர்க்கும்போது பார்த்தேன். நீல மையில், நிதானமாக, கோடு கட்டத்தை விட்டு வெளியே போகாமல் டிக் அடித்திருந்தார். ஒரு நாள்.

இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் அதைப் போட்டவர் அவர் ஒருவர்தான். அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மேலே மிஷின் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தண்ணீர் கொடுத்த கையாலேயே குழியும் பறித்தால் மனிதன் என்ன செய்வான்? என் முழங்கால் விஷயத்தை ஊரில் அறிந்த ஒரே ஆள் அவர்தான். ஒருவேளை நான் தினமும் வந்து உட்காருவதே அவருக்குப் பாரமாகிவிட்டதோ என்று நினைத்தேன். திரும்ப ஏறிப்போய் ஏன் என்று கேட்டிருக்கலாமே என்கிறீர்கள். படிக்காதே என்று சொல்லி ஒருவர் கொடுத்ததைப் படித்தேன் என்று எந்த முகத்தோடு கேட்பது?

நான் பழிவாங்குகிறவன் அல்ல. அவர் எழுதிக் கொடுத்ததை மதித்தேன், அவ்வளவுதான். அட்டையைக் கொடுத்தது ஒரு வியாழக்கிழமை. ஆகவே வியாழக்கிழமையை அவருடைய நாளாக வைத்துக்கொண்டேன். மற்ற நாட்களில் வருவதை ஆபீசில் என் மேஜைக்கு மேலே உள்ள அடுக்கில், அவர் வீட்டுக்கான அறையிலேயே வைத்தேன். ஒளிக்கவில்லை, பிரிக்கவில்லை, ஒரு மூலைகூட மடங்கவில்லை. ஒருமுறை போஸ்ட்மாஸ்டர் பார்த்துவிட்டு, "என்னப்பா, மூணாவது மாடி தபால் தேங்கிக் கிடக்கு?" என்றார். "அவங்களுக்கு வியாழக்கிழமைதான் சார்" என்றேன். ஏதோ வேடிக்கை என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனார்.

மூன்றாவது வாரம் தையல்காரம்மாவே கேட்டார்.

"இப்பல்லாம் வியாழக்கிழமை மட்டும்தான் வர்றீங்க போல?"

"கேட்டவங்களுக்குக் கேட்டபடிதாம்மா."

"அடடே, அதுக்குள்ள செஞ்சுட்டாங்களா?" என்று கையைத் தட்டிச் சந்தோஷப்பட்டார். "நல்லதாப் போச்சு அண்ணே."

என் முகத்துக்கு நேரே சொன்னார். அதற்குப் பிறகு அந்த ஸ்டூலில் நான் உட்காரவில்லை. அவசரம் என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவேன். அவர் கதவில் சாய்ந்தபடி நான் இறங்குவதையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

ஆறு மாதத்தில் அவருக்கு உடம்பு கெட்டது. இருதயத்தில் ஏதோ வால்வு. கால் வீங்கி மிஷினை மிதிக்க முடியவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குப் பெயர் எழுதியிருந்தார்கள். படுக்கை காலியானால் இன்ன தேதிக்கு வா என்று கடிதம் போடுவார்கள். தேதி தவறினால் படுக்கை அடுத்த ஆளுக்குப் போய்விடும், பெயர் வரிசையின் கடைசிக்குப் போய்விடும். இதெல்லாம் அவரே எனக்குச் சொன்னதுதான்.

முதல் கடிதம் ஒரு சனிக்கிழமை வந்தது. வியாழக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றபடி பிரித்துப் படித்தவர், அப்படியே என் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நேத்து வரச் சொல்லியிருக்காங்க அண்ணே."

"எனக்கு எப்படிம்மா தெரியும்? நான் என்ன பிரிச்சா பார்த்தேன்?"

"உங்களை நான் சொல்லலை." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அடுத்த தடவை ஆஸ்பத்திரிக் கடிதம் வந்தா மட்டும் அன்னைக்கே சொல்லிடுங்க. நீங்க ஏற வேண்டாம். கீழேருந்து ஒரு குரல் குடுங்க, நான் இறங்கி வர்றேன்."

நீங்கள் ஏற வேண்டாம் என்றார். அதை எழுதிக்கொள்ளுங்கள். ஒருவரை வரவேண்டாம் என்று எத்தனை விதமாகச் சொல்ல முடியுமோ அத்தனை விதமாகவும் அவர் எனக்குச் சொல்லியிருக்கிறார்.

அடுத்த மாதம் இலாகா முடிவை அறிவித்தது. ஆறு நாளும் தொடரும், பீட்டுகள் அப்படியே இருக்கும் என்று. ஆபீசில் லட்டு கொடுத்தார்கள். அப்போதாவது மனம் மாறியிருக்கலாமே என்கிறீர்கள். ஐயா, எறிந்த கல் குறி தவறியதால் எறிந்தவர் எறியவில்லை என்று ஆகிவிடுமா? ஊருக்கு ஆறு நாள். அவர் கேட்டது ஒரு நாள். அதை மாற்றச் சொல்லி அவர் எழுத்தில் எதுவும் தரவில்லை.

இரண்டாவது கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. ஆஸ்பத்திரி முத்திரை, பக்கத்திலேயே சிவப்பில் 'உடனடி' என்று இன்னொரு முத்திரை. அடுக்கில் நிமிர்த்தி வைத்தேன். சனி, திங்கள் இரண்டு நாளும் அதே தெருவில்தான் நடந்தேன். அவர் ஜன்னலில் உட்கார்ந்திருந்தார், எழுந்து நடமாட முடிவதில்லை என்று ஜெராக்ஸ் கடைக்காரர் சொன்னார். செவ்வாய்க்கிழமை மேலேயிருந்து கூப்பிட்டார்.

"அண்ணே, ஏதாவது வந்துச்சா?"

நான் தலையை ஆட்டினேன். இல்லை என்று ஆட்டினேனா, காது கேட்கவில்லை என்று ஆட்டினேனா என்று எனக்கு இப்போது நினைவில்லை. அவர் சிரித்தார், பார்த்துப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். நான் மற்ற வீடுகளுக்குப் போனேன். அன்றைக்குத் தபால் அதிகம்.

புதன்கிழமை காலையில் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்களாம். பாதி வழியிலேயே முடிந்துவிட்டதாம். நான் பீட்டுக்குப் போனபோது ஜெராக்ஸ் கடை பாதி மூடியிருந்தது, கடைக்காரர்தான் சொன்னார். மிச்சமிருந்த தபாலையெல்லாம் கொடுத்து முடித்துவிட்டுத்தான் ஆபீசுக்குத் திரும்பினேன். ஒரு கடிதம்கூட மாறிப் போகவில்லை.

மறுநாள் ஐம்பத்து நாலு படியும் ஏறினேன். வெளியூரிலிருந்து வந்த அக்கா துணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். ஸ்டூல் அதே இடத்தில் இருந்தது. கடிதத்தைக் கொடுத்தேன். அவர் அங்கேயே பிரித்துப் படித்தார். பிறகு உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"திங்கக்கிழமைக்குள்ள வரச் சொல்லியிருக்கான். முத்திரையில வெள்ளிக்கிழமைத் தேதி இருக்கு. இன்னைக்கு வியாழன்."

"ஆமாம்மா. இன்னைக்குத்தான் அவங்க நாள்."

அவர் கடிதத்தை உறையோடு மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். பிறகுதான் உங்களுக்கு எழுதினார் போலிருக்கிறது. அந்தக் கடிதம் தாமதமில்லாமல் வந்து சேர்ந்திருக்குமே.

நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் எழுதிவிடுகிறேன். கடிதத்தை ஆறு நாள் வைத்திருந்தது நான்தான். அது ஆஸ்பத்திரிக் கடிதம் என்று தெரியும். அவர் அதற்காகத்தான் ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறார் என்றும் தெரியும். முந்தைய கடிதத்தையும் தெரிந்துதான் வைத்திருந்தேன். மறதி இல்லை, வேலைப்பளு இல்லை, வேறு யாரும் உடந்தை இல்லை.

இத்தோடு முடித்துக் கையெழுத்துப் போட இருந்தேன். அப்போதுதான் நீங்கள் கோப்பிலிருந்து அவருடைய அட்டையை எடுத்து மேஜையில் வைத்தீர்கள், மறுபக்கம் மேலே தெரியும்படி. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், நீங்களே கவனித்திருப்பீர்கள். அதனால் வாய்விட்டுப் படித்தீர்கள். அதையும் எழுதச் சொல்கிறீர்கள், எழுதுகிறேன்.

'எங்கள் தபால்காரருக்கு முழங்கால் சரியில்லை. வேலை போய்விடும் என்று யாரிடமும் சொல்ல மாட்டார். பெட்டியில் போட்டுவிட்டுப் போங்கள் என்றாலும் கேட்க மாட்டார், தினமும் என் மூன்று மாடி ஏறி வருகிறார். அதனால் எனக்கு மட்டும் வாரத்தில் ஒரு நாள் போதும். மற்ற எல்லாருக்கும் ஆறு நாளும் இருக்கட்டும். தெருவில் நடக்காமல் அவரால் இருக்க முடியாது. நான் சொன்னதாக அவருக்குத் தெரிய வேண்டாம்.'

கையெழுத்து அவருடையதுதான், என் பையின் உள்பக்கத்தில் என் பெயரைத் தைப்பதற்கு முன்னால் ஒருமுறை எழுதிக் காட்டியிருக்கிறார். எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் அந்த அட்டை இலாகாவுக்கு எழுதியது, முகவரிப் பக்கத்தைப் பார்த்தாலே தெரியும். என்னிடம் சொல்ல வேண்டியது ஏதாவது இருந்திருந்தால் அவர் எனக்கு ஒரு கடிதம் போட்டிருக்கலாம். அன்றைக்கே கொண்டுவந்து சேர்த்திருப்பேன்.