ஒரே கட்டளையில் பிறந்த கையேடு

அவையை ஆளும் தலைவர் அவர்களே, ஆண்டிலும் அறிவிலும் மூத்த பெரியோர்களே, பிள்ளையை மடியிலும் மடிக்கணினியைத் தோளிலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே, பைத்தான் மொழியில் நிரல் எழுதத் தொடங்கினால் பசி மறக்கும் தம்பிகளே, தங்கைகளே! ஊசி போட்டே பழகிய ஒரு குழந்தை மருத்துவரின் கையில் ஒலிவாங்கியைக் கொடுத்துவிட்டீர்கள். பயப்பட வேண்டாம், வலிக்காமல் பேசுகிறேன்.

என் வியப்பைச் சொல்லவே வந்தேன். சின்னஞ்சிறு நிரல்களுக்குத் தானாகவே கையேடு ஆக்கித் தருகிறதே உங்கள் கருவி, அதைப் பற்றிய வியப்பு.

என் மருத்துவமனையில் தடுப்பூசி மருந்து வைக்கும் குளிர்பெட்டி ஒன்று உண்டு. அதன் குளிர்நிலையைக் கணினித் திரையில் காட்ட என் தம்பி ஒரு நிரல் எழுதிக் கொடுத்தான். நிரல் கொடுத்தவன் கையேடு கொடுத்தானா? கேட்டால், "அதுல என்னக்கா இருக்கு, பார்த்தாலே புரியும்" என்றான். யாருக்குப் புரியும்? எழுதியவனுக்கே மறுவருடம் புரியாது. ஆகா, கைதட்டுகிறீர்கள். எல்லோரும் பட்டவர்கள் போலிருக்கிறது.

நான் விடுவேனா? நச்சரித்தேன். வாரம் ஒருமுறை வரும் ஊசி நாளன்று, தன் அலுவலகத்தில் இருந்தபடியே என் கணினிக்குள் நுழைந்து ஒரே ஒரு கட்டளை தட்டினான். கண் மூடித் திறப்பதற்குள் பக்கம் பக்கமாகக் கையேடு! நிரலின் ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் அவன் இரண்டொரு வரி குறிப்பு எழுதியிருந்தானாம். கருவி அத்தனையையும் திரட்டியது, தலைப்பிட்டது, அடுக்கியது. ஒன்றைக் கூட்டவில்லை, ஒன்றைக் குறைக்கவில்லை, ஒன்றை மறைக்கவுமில்லை.

வெளியே தாய்மார்கள் குழந்தைகளின் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக் காத்திருக்கிறார்கள். உள்ளே நான் வாசிக்கிறேன். ஓரிடத்தில் இப்படி இருந்தது: "வெப்பமானி பதில் தராவிட்டால், கடைசியாகத் தந்த அளவையே காட்டும். இது சரியா? அக்காவைக் கேட்கணும்."

அந்த அக்கா நான்தான். என்னை யாரும் கேட்கவே இல்லை.

செவிலியரை அழைத்தேன்.

"பெட்டி இப்ப எவ்வளவு காட்டுது?"

"நாலு டிகிரி டாக்டர்."

"நேத்து?"

"அதே நாலுதான். அசையவே இல்ல. ரொம்ப நல்லா வேலை செய்யுது டாக்டர்."

அசையவே இல்லையா? திறந்து மூடும் பெட்டியில் அளவு கொஞ்சமாவது ஏறி இறங்க வேண்டுமே! ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்தேன். குளிரே இல்லை. பெட்டிக்கும் வெப்பமானிக்கும் ஒரே மின்பலகை. அது முந்தின நாள் பழுதாகி இரண்டும் சேர்ந்து அணைந்துவிட்டன. திரை மட்டும் நாலு, நாலு என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

கெட்டுப்போன தடுப்பு மருந்தைப் போட்டால் என்ன ஆகும் தெரியுமா? பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அதுதான் ஆபத்து. பிள்ளைக்குக் காப்பு வந்துவிட்டது என்று அந்தத் தாய் நிம்மதியாக உறங்குவாள். பிள்ளைக்கோ காப்பு வந்தே இருக்காது. மருந்து முழுவதையும் ஒதுக்கினோம். ஒரு குழந்தைக்கும் போடவில்லை. அடுத்த வாரம் வாருங்கள் என்று தாய்மார்களிடம் கைகூப்பினோம்.

தம்பியைப் பிடித்தேன். "ஏண்டா, கேக்கணும்னு எழுதி வெச்சிட்டு ஏன் கேக்கல?"

"மறந்துட்டேன்க்கா." பிறகு மெல்ல, "ஆனா எழுதியிருந்தேன்ல?" என்றான்.

எழுதியிருந்தான், அவையோரே, எழுதியிருந்தான்! கேட்க மறந்தவனின் கேள்வியைச் சுமந்து வந்து, கேட்கப்பட வேண்டியவளின் கையிலேயே சேர்த்ததே ஒரு கருவி, இதற்கு வியக்காமல் வேறெதற்கு வியப்பது? இப்போது அந்த நிரல், வெப்பமானி வாய்மூடினால் ஊரைக் கூட்டி அலறுகிறது.

ஆகவே உங்களை வேண்டுகிறேன். தெரிந்ததை எழுதுங்கள். தெரியாததையும் எழுதுங்கள். சந்தேகத்தை வெட்கமில்லாமல் எழுதுங்கள். நீங்கள் விழுங்கிவிட்ட வரியை எந்தக் கருவி திரட்டித் தரும்?

அடுத்த வாரம் அத்தனை குழந்தைகளும் வந்தார்கள். புது மருந்து போட்டோம். கூரை அதிர அழுதார்கள். நான் கேட்டவற்றிலேயே இனிமையான அந்த அழுகையை, இந்தக் கருவியை ஆக்கிய கைகளுக்கு என் நன்றியாகச் சேர்த்து, விடைபெறுகிறேன். வணக்கம்.