சாயங்காலத்தில் ஒரு காலை வணக்கம்

— அங்க என்னடி பார்வை? பத்திரிகைக்கு இந்த மாசம் எழுதின கட்டுரை கவர்ல இருக்கு. மழை வலுக்கறதுக்குள்ள எடுத்துக்கிட்டு கிளம்பு.

— கிளம்பறேன், அசாகோ அம்மா. தப்பா எடுத்துக்காதீங்க, அந்த மாஸ்க்கைக் கொஞ்சம் கழட்டினீங்கன்னா...

— இருமல்னு சொன்னேனா இல்லையா? உனக்கும் ஒட்டிக்கணுமா? தமாகின்னுதானே பேரு சொன்னே? எப்பவும் வர்ற ஒகினோ வாசலோட வாங்கிட்டுப் போயிடுவார். நீ பத்திரிகையில சேர்ந்ததே நேத்து, உனக்கு உள்ள வந்து உட்காரணும்.

— அவர்தான் அனுப்பினார். விருது மேடைக்கு உங்களை நேர்ல அழைச்சுட்டு வான்னார்.

— மேடையெல்லாம் ஆகாது. நடிச்சது போதும், இனிமே எழுத்துதான்.

— எழுத்துக்குத்தாம்மா விருதே. அஞ்சாறு வருஷமா உங்களை யாரும் வெளிய பார்க்கல. ஊர்ல கன்னாபின்னான்னு பேசறாங்க.

— பேசட்டும். படம் பார்க்க வந்தவங்களுக்கு மூஞ்சியைக் காட்டியாச்சு. படிக்கிறவங்களுக்கு எதுக்கு மூஞ்சி?

— சரி. நான் உள்ள வந்ததும் காலை வணக்கம்னு சொன்னேனே, நீங்க ஏன் கடிகாரத்தைப் பார்த்தீங்க?

— சாயங்காலம் வந்து காலை வணக்கம்னா? இப்பதான் படுக்கையை விட்டு எழுந்தியான்னு கேட்டிருப்பேன், போனா போகுதுன்னு விட்டேன்.

— நான் ஸ்டுடியோல இருந்தவம்மா. ரெண்டு வருஷம், கூட்டத்துல நிக்கிற வேஷம். அங்க பொழுது சாய்ஞ்சு வந்தாலும் முதல் வார்த்தை காலை வணக்கம்தான். எதிர்ல இருக்கிறவங்க வாய் தானா அதையே திருப்பிச் சொல்லும். ஆயுசு முழுக்க நாயகியா இருந்தவங்க கடிகாரத்தைப் பார்க்க மாட்டாங்க.

— அதெல்லாம் விட்டாச்சு. மறந்துபோச்சு.

— மறக்கலைன்னு போன மாசம்தானே எழுதியிருந்தீங்க? இருட்டற நேரத்துல மீன்கடையில காலை வணக்கம் சொல்லி, கடைக்காரன் சிரிச்சுட்டு ஒரு கானாங்கெளுத்தி கூடப் போட்டான்னு?

— டீயைக் குடி. ஆறுது.

— நீங்க அசாகோ அம்மா இல்ல, அவங்க தங்கச்சி நூயி அம்மாதானே?

— யாருடி சொன்னா? எந்த வம்புப் பத்திரிகைக்காரன் உன்னை அனுப்பினான்? பையைக் கொட்டு. போனை எடுத்து மேசையில வை.

— கொட்டிட்டேன், பாருங்க. சீப்பு, கைக்குட்டை, பாதி தின்ன சோத்து உருண்டை. யாரும் சொல்லல. அக்காவோட கடைசிப் படத்துல நானும் இருந்தேன், பொணமா. நீங்க மேக்கப் பெட்டியோட அவங்க பின்னால நிப்பீங்க. உங்களை யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டாங்க, ஒரு காலை வணக்கம்கூடச் சொல்ல மாட்டாங்க. பொணத்துக்கு வேற வேலை இல்ல, நான் பார்த்தேன்.

— எல்லாத்தையும் பொறுக்கிப் பையில போட்டுக்கோ.

— இப்ப கேக்கறது என் முறை. அக்கா எங்க?

— கடைக்குப் போயிருக்கா.

— செருப்பு வாசல்ல கிடக்கு. குடையும் அங்கேயே இருக்கு. தப்பா எடுத்துக்காதீங்க, செத்தவங்க படம் வெச்சுக் கும்பிடற அலமாரியை ஏன் பகல்லயே மூடி வெச்சிருக்கீங்க? எங்க வீட்ல படுக்கப் போறப்பதான் மூடுவோம். உள்ள யார் படம்?

— எங்கப்பா, எங்கம்மா.

— திறந்து காட்டுங்க.

— தொட்டேன்னா கையை ஒடிச்சிடுவேன்!

— அப்ப உள்ள புதுசா ஒரு படம் இருக்கு. அவங்க போய்ட்டாங்க. அவங்க பேரையும் புகழையும் வெச்சு நீங்க...

— யாருக்குடி புகழ்? மேடையில என் பேரையா கூப்பிடப் போறாங்க? முதல்ல எல்லாம் அவதான் உட்கார்ந்து சொன்னா, நான் எழுதினேன். அப்புறம் நடுவுல நடுவுல மறந்துபோய் நின்னா. அப்புறம் ஒரு பேரு, ஒரு வாசனை, அவ்வளவுதான். மிச்சத்தை நானே கோத்தேன். அந்தக் கடைசிப் படத்துல வசனம் வராம நின்னாளே, பார்த்தியா?

— பார்த்தேன். யாரும் மூச்சு விடல.

— அன்னைக்குக் கார்ல என் கையைப் புடிச்சுக்கிட்டா. இப்படி ஆயிட்ட பின்னாடி என்னை ஒருத்தர் கண்ணுலயும் காட்டாதேன்னா. சரின்னேன். எழுத்து வந்துக்கிட்டே இருந்தா யாரும் தேடி வர மாட்டாங்கன்னு நினைச்சேன்.

— எப்ப செத்தாங்க?

— ...செத்துட்டா. அதானே வேணும் உனக்கு? எப்பன்னு எல்லாம் கேக்காதே. ஒகினோ கிட்ட என்ன சொல்லப் போறே?

— தெரியலம்மா. சொன்னா நாளைக்கே வாசல்ல கேமராவோட நிப்பாங்க. சொல்லலைன்னா நானும் பொய்க்காரி.

— அவ மானத்தை வாங்கிடாதே. வேற எதுவும் கேக்கல.

— ஒரு தடவை கும்பிட்டுட்டுப் போறேன். பொணமா படுத்திருந்தப்ப, குளிருதாடின்னு கேட்டு தன்னோட கம்பளியை எடுத்துப் போர்த்தினாங்க. அலமாரியைத் திறக்க வேண்டாம், வெளியிலயே நின்னு கும்பிடறேன்.

— கும்பிடு. சத்தம் மட்டும் போடாதே.

— ஏன்?

— போடாதேன்னா போடாதே! மனசுக்குள்ள சொல்லிட்டு நட.

— செத்தவங்க காதுல விழுந்தா உங்களுக்கு என்னம்மா பயம்?

— தமாகி, வேண்டாம்...

— அசாகோ அம்மா! காலை வணக்கம்!

— காலை வணக்கம்! எல்லாருக்கும் காலை வணக்கம்! மெதுவா பேசுங்க, அந்த அலமாரிக்குள்ள எங்கம்மா தூங்கறாங்க... நூயி, இந்த ரூம் கதவைத் திறந்து விடேன். இன்னைக்கு எனக்கு என்ன வசனம்?