நாங்கள் நம்பாத களைப்பு

மேடையில் அமர்ந்திருக்கும் விஸ்வலிங்கம் அண்ணன் அவர்களே, செயற்குழுவினரே, இந்த மழையிலும் டத்தோ கிராமாட் மண்டபத்துக்கு வந்திருக்கும் சிறுநீரக நோயாளிகளே, குடும்பத்தாரே, சங்கத் தலைவன் அலாவுதீனின் வணக்கம்.

நம் செயலாளர், சேவைச் செம்மல் திருமதி தாட்சாயினி விஸ்வலிங்கம் மறைந்து இன்றோடு பதினொரு நாள். அவரைப் புகழத்தான் வந்தேன். அதற்கு முன் ஒரு குற்றத்தைச் சொல்லியாக வேண்டும். செய்தவன் நான்!

இரண்டு ஆண்டுகளுக்கு முன் பிறை நகரில் நாம் நடத்திய மருத்துவ முகாம் நினைவிருக்கிறதா? அன்று காலை தாட்சாயினி அக்கா தொலைபேசியில் அழைத்தார். முந்தைய நாள்தான் டயாலிசிஸ் முடிந்திருந்தது.

"தம்பி, இன்னைக்கு என்னால முடியல. ரொம்பக் களைப்பா இருக்கு."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எல்லாருக்கும்தான் டயர்டு, அக்கா. மனசு வச்சா முடியும்லா. வாங்க."

வந்தார். ஏழு வருடமாக வாரம் மூன்று முறை இயந்திரத்தை நம்பி வாழ்ந்த உடம்போடு வந்தார். மாலைவரை பதிவு மேசையில் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். பார்த்தாயா, மனம் வைத்தால் முடிகிறதே என்று நான் பெருமைப்பட்டேன்!

புறப்படும்போது அவர் கணவர் விஸ்வலிங்கம் அண்ணனின் காரில் அவரை ஏற்றிவிட்டு, "கதவச் சாத்துங்கக்கா" என்றேன். மடியில் கிடந்த தன் கையையே பார்த்தார்.

"கை இருக்கு தம்பி. தூக்கத்தான் ஆள் இல்ல."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் என் கடை வாசலில் நாளெல்லாம் கார்க் கதவுகள் சாத்தப்படுகின்றன. ஒவ்வொரு முறையும் அந்தக் குரல் எனக்குக் கேட்கிறது.

ஆறு நாள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். பிறகு செயற்குழுவுக்கு வந்தார். "கிட்னி போச்சுன்னா ஐயோங்கிறாங்க. களைப்பா இருக்குன்னா சோம்பேறிங்கிறாங்க. தூங்கி எழுந்தா போற களைப்பா இது?" என்றார்.

மறுநாளிலிருந்து காலைதோறும் நோயாளிகளை அழைக்கத் தொடங்கினார். உடம்பு எப்படி என்று கேட்கமாட்டார். "இன்னைக்கு எந்த வேலைய விட்டுடலாம்?" என்று கேட்பார். முன்வரிசையில் இருக்கும் சகோதரி ரொஸ்னாவின் அனுமதியோடு சொல்கிறேன். "சமையல விட்டுடும்மா" என்று அவரிடம் சொல்லிவிட்டு, அவருடைய கணவர் அஸ்ஹரைக் கூப்பிட்டு, "இன்னைக்கு நீங்க சமைங்க" என்றவர் நம் அக்கா! அத்தனையும் படுத்தபடி, தலையணையில் போனை வைத்து, பாதியில் மூச்சு வாங்கிப் பேசிய பேச்சு.

கடைசி வாரம் மருத்துவமனையில் அவரைப் பார்த்தேன். இரண்டு வருடமாகக் கேட்காமல் இருந்ததைக் கேட்டுவிட்டேன். "பிறைக்கு வரச் சொன்னதுக்கு என்னை மன்னிச்சிட்டீங்களாக்கா?"

கண் திறந்து என்னைப் பார்த்தார். "இன்னைக்குப் பதில் சொல்லவும் தெம்பில்ல தம்பி. நாளைக்குச் சொல்றேன்."

நாளை வரவில்லை. அவர் என்ன சொல்லியிருப்பார்? யாரும் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம். அது அவர் மட்டுமே சொல்லக்கூடிய பதில்.

அக்கா அழைத்துப் பேசிய இருபத்து மூன்று வீடுகளுக்கும் நாளை காலை எட்டு மணிக்கு அழைப்பு வரும். அழைப்பவன் நானாக இருப்பேன். முடியவில்லை என்று நீங்கள் சொன்னால் நம்புவேன். இது என் உறுதி.

மௌன அஞ்சலிக்கு எழுந்து நிற்பது வழக்கம். இன்று யாரும் எழ வேண்டாம். முடிந்தவர்களும் எழ வேண்டாம். எல்லோரும் உட்கார்ந்தபடியே, ஒரு நிமிடம்.