கண்டாக்கையாவின் மோட்டார் சைக்கிளுக்கு நான் பூட்டிய குழல்

1955ஆம் ஆண்டு ஜூன் மாதம் 20ஆம் திகதி, திங்கட்கிழமை, காலை 9.20 மணிக்குப் பொலிஸ் நிலையத்தில் பதியப்பட்டது.

பெயர்: அழகன் சின்னராசா. வயது: 29. சமயம்: இந்து. தொழில்: மோட்டார் மெக்கானிக். விலாசம்: இன்று காலை வரை சிவசாமி கராஜ், ஹட்டன், இனிமேல் சகோதரி பேச்சியம்மாவின் வீடு, கினிகத்தேனை.

மேற்படி சின்னராசாவாகிய நான் தமிழில் சொல்வதாவது:

இதே விஷயமாக இம்மாதம் 14ஆம் திகதி மாலை இதே நிலையத்தில் நான் ஒரு வாக்குமூலம் கொடுத்துக் கையெழுத்தும் வைத்திருக்கிறேன். அதில் இரண்டு இடங்கள் பொய். யாரும் அழைத்து வரவில்லை, அவற்றைத் திருத்த நானாகவே வந்திருக்கிறேன். பொய் வாக்குமூலம் கொடுத்தது குற்றம் என்றும், அதற்காக என் மீது வழக்கு வரலாம் என்றும் சார்ஜன் ஐயா எனக்கு எடுத்துச் சொன்னார். விளங்கிக்கொண்டேன்.

ஊசிமலைத் தோட்டத்தில் வெளிவேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு டக்ளஸ் ஐயா அவர்களை எனக்கு மூன்று வருடமாகத் தெரியும். அவருடைய பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிளுக்கு ஆரம்பத்திலிருந்து வேலை செய்பவன் நான். போன வருடம் அவர் விருப்பப்படி கம்பனிப் புகைக் குழலைக் கழற்றிவிட்டு, வாய் அகன்ற, உள்ளே தடுப்பு எதுவும் இல்லாத ஒரு குழலைப் பூட்டிக் கொடுத்தேன். அதன் சத்தம் பெரியது. தோட்டத்தில் கிளப்பினால் எதிர்மலை லயத்து வீடுகளில் குழந்தைகள் எழுந்துவிடும் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அப்போது அவருக்கு அது பிடித்திருந்தது.

இம்மாதம் 13ஆம் திகதி திங்கட்கிழமை காலை அவர் கராஜுக்கு வந்து, அந்தக் குழல் வேண்டாம், சத்தமே இல்லாததாக ஒன்று வேண்டும் என்று கேட்டார். காரணம் கேட்டேன். தோட்டத்தை நடத்தும் பெரிய துரை தன்னைக் கூப்பிட்டு, உன் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் மலையில் நிற்கிற எல்லோரும் குனிந்து கொழுந்து பறிக்கிறார்கள், நீ போனதும் நிமிர்ந்து கதைக்கிறார்கள், பிறகு நீ போய் என்னத்தைப் பார்க்கிறாய் என்று ஏசியதாகச் சொன்னார். “இனி நான் பின்னால வந்து நிக்கிற வரைக்கும் ஒருத்திக்கும் தெரியக் கூடாது சின்னராசா. அப்படி ஒண்ணு பூட்டிக் குடு” என்று சொன்னார். கோபத்தில் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன்.

அதன் பின்னர் கராஜில் இருந்த மூன்று குழல்களை அவருக்குக் காட்டினேன். ஒன்று பின்பக்கம் மீன்வால் போல விரிந்தது. ஒன்று கட்டையானது. மூன்றாவது, கொழும்பில் உடைத்து விற்ற ஒரு பெரிய மோட்டார் சைக்கிளிலிருந்து வந்தது. வயிறு பருத்து நீளமாக, உள்ளே துளையிட்ட தகடுகள் உள்ளது. ஒவ்வொன்றையும் மாட்டி இஞ்சினைக் கிளப்பிக் காட்டினேன். அவர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று கேட்டார். முதல் இரண்டும் வேண்டாம் என்றார். மூன்றாவதைக் கேட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்று நான்தான் சொன்னேன்.

அன்று பின்னேரமும் 14ஆம் திகதி செவ்வாய்க்கிழமை காலையும் அந்த வேலையைச் செய்தேன். குழலை அறுத்து, இன்னும் இரண்டு தகடு வைத்து ஒட்டி, இடைவெளியில் இரும்புத் தும்பு அடைத்து, திரும்பவும் ஒட்டினேன். கிளப்பிப் பார்த்தபோது தகரக் கூரையில் மழை விழுகிற சத்தம் இஞ்சின் சத்தத்துக்கு மேலாகக் கேட்டது. முதலாளி சிவசாமி உள்ளேயிருந்து வந்து, “தையல் மெசின் மாதிரி இருக்கேடா” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த வேலையை யாரும் என்னை வற்புறுத்திச் செய்விக்கவில்லை என்பதை எழுதிக்கொள்ள வேண்டும் என்பதற்காக.

அன்று பகல் ஒரு மணியளவில் டக்ளஸ் ஐயா மோட்டார் சைக்கிளை எடுக்க வந்தார். அப்போது ஹோன் வேலை செய்யவில்லை என்பதை அவரிடம் சொன்னேன். வயர் இற்றுப் போயிருந்தது. மாற்ற ஒரு மணித்தியாலம் ஆகும் என்றேன். “அடுத்த கிழமை பாப்போம், இப்ப மலைக்குப் போகணும்” என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. குழல் மாற்றினால் பெற்றோல் அளவையும் ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்துத்தான் சரிசெய்ய வேண்டும், அதனால் திருகு சாவியை எடுத்துக்கொண்டு நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். 14ஆம் திகதி வாக்குமூலத்தில் ஹோன் நன்றாக இருந்தது என்றும் வளைவில் ஐயா ஹோன் அடித்தார் என்றும் சொன்னேன். அது முதலாவது பொய்.

மஸ்கெலியா ரோட்டில் போய், தோட்டத்துப் பாதையில் திரும்பி, ஏற்றம் ஏறினோம். நடுவில் ஒரு முறை நிறுத்தி பெற்றோலைக் கூட்டி வைத்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. மேலே போகப் போகப் பனி மூடி, முன்னால் பத்துப் பதினைந்து எட்டுத் தூரம்தான் தெரிந்தது. ஏற்றம் முடிந்து ஏழாம் நம்பர் தேயிலை மலைப் பக்கம் பாதை இறங்குகிறது. அங்கே ஐயா இஞ்சின் விசையைக் குறைத்துவிட்டு, தலையைத் திருப்பி, “இப்ப கேளு, ஒண்ணுமே கேக்கல” என்றார். உண்மையில் எனக்கும் பாதையோரக் கானில் தண்ணீர் ஓடுகிற சத்தம்தான் கேட்டது. அவர் தலையை முன்னுக்குத் திருப்பியபோது நாங்கள் வளைவுக்குள் இருந்தோம்.

பின்னேரக் கொழுந்து நிறுப்பதற்காகப் பெண்கள் பாதையில் வரிசையாக மடுவத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு முதுகு காட்டி நடந்தார்கள். தலையில் கம்பளி, முதுகில் நிறைந்த கூடை. கடைசியாகப் போனவர் பாதையின் நடுவில் நடந்தார். ஒருவரும் திரும்பவில்லை. ஐயா பிரேக்கை அழுத்தினார். சில்லு வழுக்கியது. “ஏய்” என்று நான் கத்தினேன். கத்தியது வெளியே வந்ததா என்று எனக்குத் தெரியாது.

மோதிய சத்தமும் பெரிதாக இல்லை. கூடைதான் முதலில் பட்டது. அதன் பின்னர் நான் பாதையில் கிடந்தேன். எழுந்து பார்த்தபோது பாதை முழுக்கக் கொழுந்து சிதறிக் கிடந்தது. அந்த அம்மா கானுக்குப் பக்கத்தில் ஒருக்களித்துக் கிடந்தார். கூடைக் கயிறு இன்னும் அவர் நெற்றியில் இருந்தது. மோட்டார் சைக்கிள் விழுந்த இடத்தில் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நான் எழுந்ததும் முதலில் போனது அந்த அம்மாவிடம் அல்ல. மோட்டார் சைக்கிளிடம் போய் இஞ்சினை நிறுத்தினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

ஐயா முழந்தாளில் உட்கார்ந்து அந்த அம்மாவின் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அவருடைய கோட்டைக் கழற்றிப் போர்த்தினார். மற்றப் பெண்கள் ஒருவரும் அழவில்லை, கிட்டவும் வரவில்லை, கூடையைக்கூட இறக்காமல் நின்றார்கள். பிறகு நாகலெட்சுமி என்று நான் பின்னால் பெயர் அறிந்த பெண் மட்டும், “சத்தமே இல்லையே ஐயா! சத்தமே இல்லையே!” என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அதன் பின்னர் தோட்டத்து லொறியில் அந்த அம்மாவை அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவருடைய பெயர் அழகம்மா, வயது நாற்பத்திரண்டு, மாயாண்டி என்பவரின் மனைவி என்று ஆஸ்பத்திரியில் எழுதும்போதுதான் எனக்குத் தெரிய வந்தது. அவருக்கு நினைவு வரவில்லை.

ஆஸ்பத்திரி விறாந்தையில் டக்ளஸ் ஐயா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவருடைய சட்டையில் இரத்தம் காய்ந்திருந்தது. “ஹோன் அடிச்சோம்னு சொல்லு. அந்த அம்மாவுக்குக் காது மந்தம், தோட்டத்துல எல்லாருக்கும் தெரியும். அதையும் சொல்லிரு. ஹோன் இல்லாம வண்டியைக் குடுத்தது நீதான், நெனச்சுக்க” என்று சொன்னார். அந்த அம்மாவுக்குக் காது மந்தம் என்பது உண்மையாக இருந்துவிட வேண்டும் என்று நான் விரும்பினேன். அதனால் ஒருவரிடமும் கேட்டுப் பார்க்காமல், மாலை ஆறு மணிக்கு இந்த நிலையத்துக்கு வந்து, இறந்தவர் காது கேளாதவர் என்று கேள்விப்பட்டதாகச் சொன்னேன். அப்போது அவர் இறந்திருக்கவில்லை. நான் ‘இறந்தவர்’ என்று சொன்னதை எழுதிய பொலிஸ் கொஸ்தாப்பல்தான் திருத்தினார். காது கேளாதவர் என்றது இரண்டாவது பொய்.

அழகம்மா 16ஆம் திகதி வியாழக்கிழமை விடியற்காலை இறந்தார். அன்று பகல் தோட்டத்து லொறியில் மோட்டார் சைக்கிள் கராஜுக்கு வந்தது. முன்பக்கம் வளைந்ததை நிமிர்த்தி, புதுக் குழலைக் கழற்றிவிட்டுப் பழைய சத்தக் குழலையே பூட்டி வைக்கும்படி டக்ளஸ் ஐயா ஒரு துண்டில் எழுதி அனுப்பியிருந்தார். அந்தத் துண்டை இத்துடன் ஒப்படைக்கிறேன். முன்பக்கத்தை நிமிர்த்தினேன். குழலைக் கழற்ற மூன்று முறை சாவியை வைத்தேன், கழற்றவில்லை. முதலாளி கேட்டபோது, ஆணி துருப்பிடித்திருக்கிறது என்றேன். இரண்டு நாளைக்கு முன்னால் நானே பூட்டிய ஆணி அது.

நேற்று 19ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணியளவில் கராஜில் நான் தனியாக இருந்தபோது மாயாண்டி வந்தார். நனைந்த கம்பளி போட்டிருந்தார். அடிக்க வந்திருக்கிறார் என்று நினைத்து நான் கையிலிருந்த சாவியைக் கீழே வைத்தேன். அவர் அடிக்கவில்லை, வாசலில் நின்றபடி, “தம்பி, எம் பொஞ்சாதிக்குக் காது மந்தம்னு பொலிஸ்ல சொன்னீங்களாமே” என்று கேட்டார். “மலையில ஐயா வர்றத மொதல்ல கேட்டுச் சொல்றதே அவதான். அந்தப் பக்கத்து மலையில வண்டி கெளம்பினா இங்க சொல்லிருவா, காத மூடிக் கம்பளியப் போட்டுக்கிட்டே. அந்த மலைக்கே அவதான் தம்பி காது. அவளப் போயி அப்படிச் சொல்லிட்டீங்களே” என்றார்.

அதன் பின்னர் மோட்டார் சைக்கிளைப் பார்த்து, இதுதானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதே குழலோடு இருக்கிறதா என்று கேட்டார். அதற்கும் ஆமாம் என்றேன். “ஒருக்கா ஓட்டிக் காட்டுங்க. அவளுக்குக் கேக்கலயா, கேட்டும் வெலகலயான்னு எனக்குத் தெரியணும்” என்றார்.

கராஜிலிருந்து கீழே இறங்குகிற பாதை நாற்பது எட்டு வைத்தால் திரும்புகிறது. அவர் அந்த இடத்துக்குப் போய், கம்பளியைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, எனக்கு முதுகு காட்டி நின்றார். சத்தம் கேட்டதும் கையைத் தூக்குவதாகச் சொன்னார். அப்போதும் மழை பெய்தது. நான் இஞ்சினைக் கிளப்பி, அன்று போலவே விசையைக் குறைத்து, பிரேக்கில் கையை வைத்துக்கொண்டு, நடக்கிற வேகத்தில் இறங்கினேன். அவர் கை எந்த இடத்தில் தூக்கப்படும் என்று பார்த்துக்கொண்டே இறங்கினேன். பாதி தூரம் வந்தும் தூக்கவில்லை. கம்பளியில் மழைத்துளி விழுகிறது தெரிகிற அளவுக்கு வந்தும் தூக்கவில்லை. என்னால் அதற்கு மேல் போக முடியவில்லை. நிறுத்தினேன். பின்னால் அளந்து பார்த்தேன், முன் சில்லிலிருந்து அவர் குதிகாலுக்கு ஏழு அடி.

இஞ்சினை அணைத்துவிட்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் திரும்பாமலேயே, “இன்னும் ஸ்டாட் பண்ணலயா தம்பி?” என்று கேட்டார்.

“பண்ணிட்டேன் அண்ணே. ஒங்களுக்குப் பின்னாலதான் நிக்கிறேன்” என்றேன்.

அவர் திரும்பிச் சில்லைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்படியே பாதையில் உட்கார்ந்தார். நான் தூக்கப் போனபோது கையை விலக்கிவிட்டு, “அவ பயந்திருக்க மாட்டா இல்ல? தெரியாமத்தானே இருந்திருக்கும்?” என்று கேட்டார். தெரிந்திருக்காது என்று சொன்னேன். அது ஒன்றுதான் அவருக்கு நான் செய்ய முடிந்த உதவி. அதன் பின்னர் அவர் எழுந்து பஸ் நிலையத்துப் பக்கம் போய்விட்டார். பொலிசுக்குப் போகும்படி அவர் என்னிடம் சொல்லவில்லை.

இன்று காலை ஏழு மணிக்கு முதலாளி சிவசாமியிடம் நடந்ததைச் சொன்னேன். அவர், தோட்டத்து வேலை இல்லாமல் கராஜ் நடக்காது என்று சொல்லிக் கராஜ் சாவியைத் திருப்பிக் கேட்டார். கொடுத்தேன். அவர் மீது எனக்கு வருத்தம் இல்லை. மோட்டார் சைக்கிளைக் கிளப்பாமல் கடைவீதி வழியாகத் தள்ளிக்கொண்டு வந்து இந்த நிலைய முற்றத்தில் நிறுத்தியிருக்கிறேன். குழல் நான் பூட்டியபடியே இருக்கிறது. வேண்டுமானால் அறுத்துப் பார்க்கலாம். உள்ளே நான் வைத்த தகடும் தும்பும் இருக்கும்.

டக்ளஸ் ஐயா வேண்டுமென்று மோதினார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கும் எனக்கும் பகை கிடையாது. ஹோன் இல்லாத வண்டியை, சத்தத்தையும் எடுத்துவிட்டு, பனியில் ரோட்டுக்கு விட்டோம். ஓட்டியவர் அவர், பூட்டியவன் நான்.

மேற்படி வாக்குமூலம் எனக்கு மெதுவாக வாசித்துக் காட்டப்பட்டது. கூட்டவோ குறைக்கவோ எதுவும் இல்லை. 14ஆம் திகதி நான் சொன்னதை யாராவது எடுத்துக் காட்டினால், அதிலுள்ள கையெழுத்தும் என்னுடையதுதான் என்று ஒப்புக்கொள்வேன். உண்மை மட்டும் அதில் இல்லை, இதில் இருக்கிறது.

(ஒப்பம்) அ. சின்னராசா