ஆளில்லா வீட்டின் அழைப்புமணி

மனங்களின் மொழி கேட்டு மருந்தளிக்கும் மாண்புக்குரிய தலைவர், மருத்துவர் அம்மையார் அவர்களே! வயதால் மட்டுமன்றி வாழ்ந்த வாழ்வாலும் உயர்ந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! வீட்டு வேலையைப் பாதியில் விட்டு வந்து, மீதியை நினைத்தபடியே என்னைப் பார்க்கும் தாய்மார்களே! யாரோடும் வராமல் தனியாக வந்து, தனியாகவே திரும்பப்போகும் அன்பர்களே! உங்களுக்குத்தான் என் முதல் வணக்கம்.

"உளப்பகுப்பாய்வு தந்த ஒளி" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நானோ வெறும் மொழி ஆசிரியன். ஒளியைப் பற்றி எனக்கென்ன தெரியும்? என் எதிர்வீட்டுக்காரரைப் பற்றித் தெரியும். அவரைப் பற்றிப் பேசுகிறேன். "தாராளமா சொல்லுங்க சார், பேரு மட்டும் வேணாம்" என்று அவரே அனுமதி தந்திருக்கிறார்.

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துவது அவர் தொழில். அரை மில்லிமீட்டர் பிசகினால் அடுத்தவருக்குத் தலைவலி! ஆறு வருடத்துக்கு முன் வந்துபோனவரின் பவரைக்கூட ஏட்டைப் பார்க்காமல் சொல்லுவார். அத்தகைய நினைவாற்றல் கொண்டவர், மனைவி மறைந்தபின், வீட்டுச் சாவியை மறக்கத் தொடங்கினார். வாரத்தில் மூன்று நாள் சாவியை உள்ளேயே வைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுவார். மாலையில், என்னிடம் கொடுத்துவைத்திருந்த மாற்றுச்சாவிக்காக என் வாசலில் நிற்பார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், நானும் சிரித்தேன். சிரித்துச் சிரித்துச் சலித்தேன். ஒருநாள் மாற்றுச்சாவியை அவர் கையில் திணித்து, "இத ஒரு கயித்துல கோத்து கழுத்துல மாட்டிக்குங்க சார். சின்னப் புள்ளையா நீங்க?" என்று கேட்டேவிட்டேன்.

தலையைக் குனிந்துகொண்டார். "மன்னிச்சிடுங்க சார். மண்டையில ஏதோ கோளாறு போல."

மூளையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். பழுதேதும் இல்லை. பிறகுதான் நம் தலைவரிடம் அனுப்பினார்கள். அந்த அறையில் நடந்ததைப் பற்றி அம்மையார் இன்றுவரை வாய் திறந்ததில்லை. என்னிடம் சொன்னவர் எதிர்வீட்டுக்காரர்தான்.

"சாவி இல்லன்னு தெரிஞ்சதும் முதல்ல என்ன செய்வீங்க?" என்று கேட்டாராம் அம்மையார்.

"மணி அடிப்பேன்."

"எதிர்வீட்டு மணியா?"

"இல்லம்மா. எங்க வீட்டு மணி."

"உள்ள யாரு இருக்காங்க?"

அவ்வளவுதான்! இறுதிச்சடங்கில் கலங்காத மனிதர், மூன்றாம் நாளே வேலைக்குப் போன மனிதர், அந்த ஒரு கேள்வியில் உடைந்து அழுதார். இருபத்தாறு ஆண்டுகள் அவர் சாவி எடுத்துச் சென்றதே இல்லை. மணி அடிப்பார், "வரேன், வரேன்" என்று உள்ளிருந்து ஒரு குரல் வரும், கதவு திறக்கும். சாவியை எடுத்துப் போனால் என்ன பொருள்? அந்தக் குரல் இனி வராது என்று தானே ஒப்புக்கொண்டதாகப் பொருள்! அவர் அறிவு ஒப்புக்கொண்டது. ஆழ்மனம் ஒப்புமா?

நூறாண்டுகளுக்கும் முன்னால், உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஒரு நரம்பு மருத்துவர் இதைத்தானே சொன்னார்? நாக்குப் பிறழ்வதிலும் பொருள் மறப்பதிலும் நாமறியாத நம் ஆசை ஒளிந்திருக்கிறது என்று! அவரோடு உடன்பட்டவர்கள் உண்டு. முரண்பட்டு விலகியவர்களும் உண்டு. பின்னாளில் வந்த ஒரு குழந்தை மருத்துவர் இன்னும் வியப்பானதைச் சொன்னார்: தனித்திருக்கும் வலிமையைக்கூட, அன்பான ஒருவர் அருகிலிருக்கும்போதுதான் குழந்தை கற்கிறதாம்!

எதிர்வீட்டுக்காரர் சில மாதங்கள் அம்மையாரிடம் போய்வந்தார். சாவி மறப்பது நின்றது. தனிமை நின்றதா? அவர் சொன்னதைக் கேளுங்கள்: "முன்னெல்லாம் மணி அடிச்சிட்டு ரெண்டு நிமிஷம் நிப்பேன் சார். இப்ப அந்த ரெண்டு நிமிஷமும் போச்சு."

நேரமாகிறது என்று அமைப்பாளரிடமிருந்து சீட்டு வந்திருக்கிறது. இதோ முடிக்கிறேன், ஐயா.

போன ஞாயிறு காலை. இந்தக் கூட்டத்துக்குத்தான் குறிப்பெழுதிக்கொண்டிருந்தேன். என் வீட்டு மணி அடித்தது. அவர்தான்.

"சாவி இருக்கு சார். சும்மாதான் வந்தேன். வேலையா இருக்கீங்களோ?"

"ஆமா சார், மீட்டிங்குக்கு எழுதிட்டிருக்கேன். அப்புறம் பாக்கலாமா?"

"எழுதுங்க, எழுதுங்க" என்று போய்விட்டார்.

திரும்பி வந்து தாளைப் பார்த்தேன். "தனிமை" என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தேன்! தனிமை வாசலில் வந்து நின்றது. நான் அதற்கு உரை எழுதுவதற்காகக் கதவைச் சாத்தினேன். இதைவிட வெட்கம் உண்டா? எழுந்துபோய் அவர் வீட்டு மணியை அடித்தேன். அரவமே இல்லை. மறுபடியும் அடித்தேன். வெகுநேரம் கழித்துத் திறந்தார். கண்கள் நனைந்திருந்தன.

"உள்ள இருந்து மணியக் கேட்டு எவ்வளவு நாளாச்சு சார்! அவ தினமும் கேட்டது இந்தச் சத்தத்தத்தானா?"

கைதட்டாதீர்கள், வேண்டாம். நான் எதையும் சாதிக்கவில்லை. உள்ளே போய் உட்கார்ந்தேன். அவர் பேசினார், இரண்டு மணி நேரம் பேசினார். நாற்பதாண்டுகள் மேடை மேடையாக முழங்கிய நான், அன்று மூன்று வார்த்தைகூடப் பேசவில்லை. இன்றும் அவர் தனியாகத்தான் உண்கிறார், தனியாகத்தான் உறங்குகிறார். அதை நான் மாற்றிவிடவில்லை. ஆனால் ஒன்று கற்றேன்: உளப்பகுப்பாய்வின் மேதைகள் அத்தனை பேரும் தங்கள் நோயாளிகளுக்கு முதலில் கொடுத்தது மருந்தல்ல, காது! காசில்லாதவரும் கொடுக்கக்கூடிய காது! கல்லாதவரும் கொடுக்கக்கூடிய காது!

அதை இத்தனை நேரம் எனக்கு ஈந்த உங்கள் அனைவருக்கும் நெஞ்சு நிறைந்த நன்றியைச் சொல்லி, இனி நான் கேட்கப் போகிறேன் என்ற உறுதியோடு அமர்கிறேன். வணக்கம்.